கொண்டலில் ஏறிய மாதா

ஜூலை 2, புதன். ரரோத்தோங்கா தீவு

இன்று குளிக்கும்போது என் கழுத்தில் ஏதோ வெடித்தது.

காலையில் என் மகள் பெல்சியா ஒரு கறுப்பு வாரை என் தோளில் மாட்டி, "இது லைஃப் ஜாக்கெட்ப்பா. கரையில நிக்கும்போதே போட்டுப் பழகிக்க, கழட்டாத" என்றாள். கழற்றாதே என்றால் நான் கழற்ற மாட்டேன். டிரைவராக இருந்தவனுக்குச் சொன்னதைச் செய்துதான் பழக்கம். படகின் பின்தட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். பட்டென்று ஒரு சத்தம். காதுக்கு இரண்டு பக்கமும் மஞ்சளாக இரண்டு தலையணைகள் புடைத்து எழுந்து என் கன்னத்தை நெருக்கின. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றுவிட்டார்கள். துண்டு அவிழ்ந்ததை அவர்கள் பார்த்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

மாப்பிள்ளை ரூபன்தான் ஓடிவந்து காற்றைப் பிடுங்கிவிட்டார். "மாமா, அது தண்ணி பட்டா தானா ஊதும். கடலுக்க விழுந்தா நீங்கள் மிதக்கோணும் எல்லோ?"

பெல்சி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "தூத்துக்குடியில பொறந்தவன்னு வெளிய சொல்லாத. ஊர் மானம் போயிரும்."

அவள் சொல்வது சரிதான். என் பெயர் ரெமிஜியுஸ். என் அப்பா கடலுக்குப் போனவர், அவர் அப்பாவும் போனவர். நான் மட்டும் முதல் நாளே வள்ளத்தில் குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்து, பத்தாம் வகுப்போடு படிப்பையும் கடலையும் ஒன்றாக விட்டுவிட்டு, உப்பு மூட்டை ஏற்றும் லோடு வேன் ஓட்டப் போனவன். அப்படிப்பட்டவன் இப்போது பசிபிக் கடலின் நடுவில் மகளுடைய பாய்ப்படகில் உட்கார்ந்து, டயர் கடையில் கொடுத்த டைரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெல்சிக்கு ஆக்லாந்தில் வேலை. கப்பலுக்கு வேண்டிய மின்சாரக் கருவிகளை மாட்டுவது. அங்கேதான் ரூபனைக் கல்யாணம் செய்தாள். அவர் வன்னியில் பிறந்து, சண்டைக்குத் தப்பிச் சிறுபிள்ளையாக நியூசிலாந்து போனவர். நல்ல பிள்ளைதான். தேநீரில் சீனி போடுவதில்லை, அது ஒன்றுதான் குறை. இந்தப் படகையும் அவர்தான் வாங்க ஆசைப்பட்டார். பெல்சி அதற்குக் 'கொண்டல்' என்று பெயர் வைத்தாள். எங்கள் ஊரில் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு அந்தப் பெயர். இங்கேயும் காற்று கிழக்கிலிருந்துதான் வருகிறது. அதை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே நியூவே என்ற தீவுக்குப் போகப் போகிறோம். நடுவில் ஒன்றுமே கிடையாது, தண்ணீர் மட்டும்தான்.

இந்தப் பயணம் முடிந்ததும் பெல்சி ஒரு முடிவு சொல்வதாக இருக்கிறாள். ஆக்லாந்து வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே தீவு தீவாகப் போய் வாழ வேண்டும் என்பது ரூபனின் ஆசை. தூத்துக்குடிக்கு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. துறைமுகத்தில் இவள் படிப்புக்கு வேலை காத்துக் கிடக்கிறது. இவள் அம்மா ஜெசிந்தா போனபிறகு மாடி அறையில் புறாதான் குடியிருக்கிறது. புறாவைத் துரத்திவிட்டு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கிளம்பிவிட்டோம். தீவு ஒரு பச்சைக் கட்டியாகச் சுருங்கி, சாயங்காலத்துக்குள் காணாமல் போயிற்று.

வாந்தி எடுத்தேன். தனியாக விவரிக்க ஒன்றும் இல்லை.

என் படுக்கை படகின் நடுவயிற்றில் இருக்கிறது. அங்கேதான் ஆட்டம் குறைவாம். பையைப் பிரிக்கும்போது மாதாவை வெளியே எடுத்தேன். என் வேனின் டாஷ்போர்டில் நின்ற பனிமய மாதா சிலை. வேனை விற்றபோது மாதாவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். எத்தனை மழை, எத்தனை லாரி, ஒரு கீறல் விழுந்ததில்லை. என்னைவிட என் பிள்ளைக்கு இப்போது அவள் துணை வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன்.

பெல்சி பார்த்துவிட்டாள். "யப்பா, அத உள்ள வை. படகுல சாமி கிடையாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். ரூபனோட அம்மா பிள்ளையாரக் குடுத்துவிட்டாங்க. அதையே வேண்டாம்னு சொல்லிட்டான். இப்ப நான் மாதாவ நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

"சரி மக்கா" என்றேன்.

அவள் மேலே போனதும் படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சாமான் வைக்கும் குழி. வேனில் என்றால் தகரத்தில் வைத்தவுடன் மாதா கப்பென்று ஒட்டிக்கொள்வாள். இந்தப் படகு முழுக்க பிளாஸ்டிக். எங்கேயும் ஒட்டவில்லை. குழியின் கால்மாட்டு ஓரத்தில் கறுப்பாக ஒரு டப்பாவைத் திருகி மாட்டியிருந்தார்கள். துண்டில் சுற்றி அதன்மேல் சாய்த்து வைத்தேன். இரண்டு பேர் ஒப்பந்தத்தில் மூன்றாவது ஆள் கையெழுத்துப் போடவில்லையே.

ஜூலை 5, சனி

சக்கரத்தை யாரும் பிடிப்பதில்லை. ஆட்டோ பைலட் என்று ஒரு இயந்திரம் தானாகவே ஓட்டுகிறது. நானும் அப்படி ஒன்றை என் வேனுக்கு மாட்டியிருந்தால் மதுரை ரோட்டில் தூங்கிக்கொண்டே போயிருப்பேன்.

ஆனால் இன்று அதற்கு ஏதோ வந்துவிட்டது. நேராகப் போகும், திடீரென்று குடித்தவனைப் போல ஒரு பக்கம் சாயும், பிறகு நினைவு வந்து திரும்பும். ரூபனும் பெல்சியும் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார்கள். அணைத்துப் போட்டார்கள், பிரித்துப் பார்த்தார்கள், படகை வட்டம் அடிக்கவிட்டுச் சரிபார்த்தார்கள்.

"நீதான மாட்டுன?" என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.

"நான்தாம்ப்பா மாட்டுனேன்." அவள் சிரிக்கவில்லை. "கடையில குடுத்து மாட்டலாம்னு ரூபன் சொன்னான். எனக்குத் தெரியாததான்னு நானே மாட்டுனேன்."

சாயங்காலம் ரூபன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிழக்கே வானம் ஊதாவாக இருந்தது. "இப்பிடியே போய்க்கொண்டு இருக்கலாம் மாமா. ஒருத்தரும் எங்கள எழுப்பி ஓடு எண்டு சொல்ல மாட்டினம்" என்றார். தூத்துக்குடியில் இப்போது மின்வெட்டே கிடையாது என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை இல்லாத ஞாயிறு. தண்ணீரைப் பார்த்து ஜெபமாலை சொன்னேன்.

மாடி அறைப் பேச்சை இன்று எடுத்தேன். பெல்சி பாத்திரம் கழுவிக்கொண்டே, "மாதா கோயில் கொடியேத்தத்துக்கு வருசா வருசம் வந்துட்டுப் போறோம்ப்பா. ஆனா அங்கன வந்து இருக்கிறது கஷ்டம்" என்றாள். "முடிவு பண்ணிட்டியா?" என்றேன். "கிட்டத்தட்ட" என்றாள். நான் தட்டைத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன்.

மத்தியானம் ரூபன் டார்ச் லைட்டோடு வந்தார். "மாமா, உங்கட கட்டிலுக்குக் கீழ இரும்புச் சாமான் ஏதும் வச்சிருக்கிறியளோ? சுத்தியல், ஸ்பீக்கர், அப்பிடி ஏதும்?"

"ஒண்ணும் இல்லயே மாப்ள. ஏன்?"

"அங்க ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு. அதுதான் படகுக்குத் திசை சொல்லுறது. பக்கத்தில இரும்பு இருந்தா அதுக்கு விசர் பிடிச்சிரும்."

பலகையைத் தூக்கி வெளிச்சம் அடித்தார். என் வேட்டி, பனங்கற்கண்டுப் பொட்டலம், துண்டுச் சுருட்டு. மாமனார் சாமான் என்று ஒன்றையும் தொடவில்லை. மூடிவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா" என்றார். மரியாதை தெரிந்த பிள்ளை.

மாதா அகப்படாமல் தப்பித்தாள். அந்தக் கறுப்புப் பெட்டிக்கே அவள்தான் இப்போது காவல் என்று நினைத்தபோது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத்து கோணலாக வருகிறது, அலை என்று வைத்துக்கொள்ளலாம்.

நேற்று காலையில் தூண்டிலில் ஒரு சூரை மாட்டியது. எனக்கு வாந்தி நின்று பசி வந்திருந்தது. கொண்டுவந்த மிளகாய்த்தூளைப் போட்டுக் குழம்பு வைத்தேன். காற்று கூடியது. பாயைச் சுருக்க வேண்டும் என்று ரூபனும் பெல்சியும் மேலே வேலையை ஆரம்பித்தார்கள். பாயின் அடியில் குறுக்கே நீளும் கம்பம் ஒன்று உண்டு, அலுமினியத்தில், என் தொடைப் பருமன் இருக்கும். அது ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள்.

நான் கீழே இருந்து, "சோறு ஆறிப்போவும். சாப்பிட்டுட்டு சுருக்குங்க" என்றேன்.

"பத்து நிமிசம்ப்பா" என்றாள் பெல்சி.

"மாப்ள மொதல்ல சாப்பிடட்டும்" என்றேன்.

தட்டைப் போட்டுக்கொண்டு படியேறினேன். மாப்பிள்ளைக்கு முதல் தட்டு. அது எங்கள் வீட்டில் வழக்கம். என் மாமனார் எனக்கு அப்படித்தான் கொடுத்தார். ரூபன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர், நான் தட்டை நீட்டியதும் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே வாங்கியிருக்கலாம். பெரியவர் கொடுப்பதை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குகிற பிள்ளை அவர்.

படகு சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. எந்தக் காரணமும் இல்லாமல். பாய் ஒரு கணம் தொய்ந்தது. அந்தப் பக்கம் கிடந்த கம்பம் இந்தப் பக்கத்துக்கு ஒரே வீச்சில் வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. தேங்காயை உடைத்தது போல.

தட்டு என் கையில்தான் இருந்தது. அவர் இல்லை. இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டியிருந்ததால் கடலுக்குள் போகவில்லை, ஓரக் கம்பியில் பாதி உடம்பு தொங்கியது. அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியது ஒன்று உண்டு. அதை விட்டுவிடுகிறேன். அப்புறம் பெல்சி கத்தினாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது.

இருவருமாக இழுத்து உள்ளே போட்டோம். காதுக்கு மேலே பிளந்திருந்தது. குழம்பு எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை.

"ரூபன். ரூபன், என்னப் பாரு. ரூபன்."

என் படுக்கையில்தான் கிடத்தினோம். அங்கேதான் ஆட்டம் குறைவு. சாட்டிலைட் போனில் பெல்சி நியூசிலாந்து மீட்புக் குழுவைப் பிடித்தாள். ஒரு டாக்டர் அம்மாள் பேசினார். ஹெலிகாப்டர் இவ்வளவு தூரம் வராது, பக்கத்தில் கப்பலும் இல்லை, திரும்பிப் போவதும் முன்னே போவதும் ஏறக்குறைய ஒன்றுதான், நியூவேக்கே போங்கள். தூங்கவிடலாம், ஆனால் அடிக்கடி எழுப்பிப் பெயர் கேளுங்கள். இரண்டு கண்மணியும் ஒரே அளவாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று பெரிதானால் உடனே கூப்பிடுங்கள்.

"பெரிசாச்சுன்னா அவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

பெல்சி டார்ச்சை எடுத்து அவர் கண்ணில் அடித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் ரூபன் கண் விழித்தார். என் கையை இறுக்கிப் பிடித்தார். "மாமா, தலையத் தூக்காதேங்கோ. குனிஞ்சு இருங்கோ. இன்னும் முடியேல்ல" என்றார். கம்பத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "கட்டிப்போட்டாச்சு மாப்ள" என்றேன். பெல்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அவன் சின்னதுல இருந்த எடத்துக்குப் போயிட்டாம்ப்பா. பங்கருக்குள்ள கெடக்கான்."

அவள் போர்வை எடுக்கப் போன நேரத்தில், படுக்கைப் பலகையின் ஓரத்தைத் தூக்கித் துண்டுச் சுருட்டை எடுத்தேன். ஆட்டத்தில் உருண்டு குழியின் மறுகோடிக்குப் போயிருந்தது. மாதாவைப் பிரித்து மாப்பிள்ளையின் தலைமாட்டில் வைத்தேன். பெல்சி திரும்பி வந்தாள், பார்த்தாள், போர்வையை அவர்மேல் விரித்தாள். ஒப்பந்தம் அத்தோடு போயிற்று.

அதன்பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நானும் அவளும் மாறி மாறிச் சக்கரம் பிடித்துக் கை மரத்துப்போய், இனி முடியாது என்று அவள் ஆட்டோ பைலட்டைப் போட்டுப் பார்த்தாள். அது ஓட்டியது. நூல் பிடித்தது போல நேராக ஓட்டியது. பொழுது விடியும்வரை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

"இப்ப மட்டும் ஒழுங்கா போவுது பாரு" என்று அவள் அழுதாள். "நான்தாம்ப்பா. நான் மாட்டுன லட்சணம். கடையில குடுத்திருந்தா இப்படி ஆயிருக்காது."

மாதா வெளியே வந்ததும் இயந்திரம் அடங்கிவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அற்புதம் என்றே நினைத்தேன். சாட்சி சொல்ல ஊரில் யாரிடம் முதலில் போவது என்றுகூட யோசித்தேன்.

ஜூலை 9, புதன்

கண்மணி இரண்டும் ஒரே அளவு. பெயர் கேட்டால் சொல்கிறார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டால் சொல்வதில்லை.

காலையில் பெல்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டாள். நான் மேலே காவலுக்கு வந்தேன். வெயில் நன்றாக இருந்தது. தனியாக உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்ததால் மாதாவைக் கூட எடுத்து வந்திருந்தேன். சக்கரத்துக்கு முன்னால் தூண் மாதிரி ஒன்று, அதன் தலையில் கண்ணாடிக் குமிழுக்குள் திசைகாட்டி. வேனில் ஸ்பீடோமீட்டருக்கு மேலே வைப்பது போல மாதாவை அங்கே நிறுத்தினேன்.

திசைகாட்டி சுழன்றது.

படகுதான் திரும்புகிறது என்று பதறிச் சக்கரத்தைப் பிடித்தேன். ஆனால் வெயில் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னால் படகு விட்ட நுரைத்தடம் நேராகவே இருந்தது. மாதாவைக் கையில் எடுத்தேன். திசைகாட்டி மெல்லத் திரும்பிப் பழைய எண்ணுக்கு வந்து நின்றது.

மறுபடி வைத்தேன். சுழன்றது. எடுத்தேன். திரும்பியது.

மாதாவை வலப்பக்கம் கொண்டுபோனேன். அவளைப் பார்த்துத் திரும்பியது. இடப்பக்கம் கொண்டுவந்தேன். அவள் பின்னாலேயே வந்தது, கோழிக்குஞ்சு போல.

கை தானாகவே அவளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது பெல்சி படியில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்க்கவில்லை. திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்கன வச்சிருந்த?" என்றாள்.

"கட்டிலுக்கு அடியில."

"எப்பயிருந்து?"

"கெளம்புன அன்னைல இருந்து. நீ உள்ள வைன்னு சொன்னல்லா."

"ரூபன் வந்து கேட்டான்ல? இரும்பு ஏதும் இருக்கான்னு கேட்டான்ல?"

"மாதா இரும்பு இல்லயே மக்கா. சுண்ணாம்பு மாவுல செஞ்சது."

"அடியில காந்தம்ப்பா."

"அது ஒட்டுறதுக்கு வச்சிருக்கிறதுல்லா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் என்றால் எனக்குத் தெரியும், இவள் அம்மாவிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். இது கோபம் இல்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து முழுக்க நான்தான் அவனக் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள் மெதுவாக.

எழுந்து வந்து மாதாவை என் கையிலிருந்து வாங்கினாள். கடலில் எறிவாள் என்று நினைத்தேன். எறியட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் படகின் மூக்கு வரைக்கும் நடந்துபோய், கயிறு போட்டு வைக்கும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வந்தாள். திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.

ஜூலை 10, வியாழன்

பேசுகிறாள். "இடது." "நேரா." "கயித்த விடு." "கண்ணப் பாத்தியா?" அவ்வளவுதான்.

மத்தியானம் தரை தெரிந்தது. கறுத்த பாறைச் சுவர், மேலே காடு. நியூவே. துறைமுகம் கிடையாது, கடற்கரையும் கிடையாது. படகைக் கடலில் மிதக்கும் உருளையில் கட்டிவிட்டு, ரப்பர் படகில் கரையிலிருந்து நீளும் பாலத்தடிக்குப் போனால், கிரேனில் கொக்கியை இறக்கிப் படகோடு சேர்த்து மேலே தூக்குகிறார்கள். எங்கள் ஊரில் உப்பு மூட்டையைத்தான் அப்படித் தூக்குவார்கள்.

மருத்துவமனை ஆட்கள் இரண்டு பேர் வந்து ரூபனைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். மாலை போட்டது போல உடம்பெல்லாம் வார். கிரேன் தூக்கியபோது அவர் காற்றில் மெல்லச் சுற்றினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பெல்சியின் கை எதையோ தேடியது. என் சட்டையைத்தான் பிடித்தது. யாருடைய சட்டை என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் மூச்சு விடாமல் நின்றேன், விட்டால் கையை எடுத்துவிடுவாளோ என்று.

ஜூலை 11, வெள்ளி

மண்டைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்து நின்றுவிட்டிருக்கும் என்கிறார் இங்குள்ள டாக்டர். வாட்டசாட்டமான மனிதர், பூப்போட்ட சட்டை. ஆக்லாந்திலிருந்து மருத்துவ விமானம் வருகிறது, அங்கே படம் எடுத்துப் பார்ப்பார்களாம். பிழைத்துக்கொள்வார் என்றார். அந்த ஆங்கிலம் எனக்கு யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் பெல்சி ஒரு முனையில், நான் ஒரு முனையில். ஒரு நர்ஸம்மா வந்து எங்கள் இரண்டு பேர் நடுவிலும் ஒரு பப்பாளிப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை.

ஜூலை 12, சனி

இன்று ரூபன் தெளிவாக இருந்தார். அடிபட்டது நினைவில் இல்லை. குழம்பு வாசம் வரைக்கும் நினைவிருக்கிறதாம். "சூரைமீன் குழம்பு எல்லோ மாமா? நான் சாப்பிட்டனானோ?" என்றார்.

"ஆட்டோ பைலட்ல கோளாறு" என்று பெல்சி ஆரம்பித்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். எனக்காகத்தான் பொய் சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது.

"இரு மக்கா" என்றேன். நானே சொன்னேன். வேன், டாஷ்போர்டு, துண்டு, கறுப்புப் பெட்டி, அவர் டார்ச் அடித்தது, மாதா இரும்பில்லை என்று நான் நினைத்தது, சோறு ஆறிப்போகும் என்று அவசரப்படுத்தியது, திசைகாட்டி மாதாவின் பின்னாலேயே சுழன்றது, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அவர் காலடியில் போர்வையைச் சரிசெய்தேன். வேறு எதையும் செய்யத் தெரியவில்லை.

ரூபன் மேற்கூரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தையல் இழுக்க, "ஐயோ நோகுது, ஐயோ" என்று தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மான்ர பிள்ளையாரை வேண்டாமெண்டு நான் இறக்கி வச்சனான். மாதா வந்து மண்டையில போட்டுட்டா." பிறகு, "இப்ப எங்க அவ?" என்றார்.

"கயித்துப் பெட்டியில" என்றாள் பெல்சி.

"பாவம். கொண்டந்து இஞ்ச வையுங்கோ மாமா. இஞ்ச அவவால ஒண்டையும் கெடுக்கேலாது."

அப்போதுதான் பெல்சி சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் அழுகையும் வந்து, எழுந்து வந்து என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "ஒன்னய என்னப்பா செய்ய. நீ என்ன வேணும்னா செஞ்ச? எங்க மேல உள்ள பாசத்துலதான வச்ச."

"ஓம் மாமா" என்றார் ரூபன். "பாசத்தில செய்யிறதுக்கு ஒருத்தர் என்ன செய்யேலும். மனசில ஒண்டும் வச்சிருக்காதேங்கோ."

நான் தலையாட்டினேன்.

பெல்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "டாக்டர் சொல்லுதாருப்பா, இவன் ரொம்ப நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு. படகை இங்கனயே ஆள் வச்சு விக்கப் போறோம். ஆக்லாந்துல பாத்துட்டு, ஒடம்பு தேறுனதும் ஊருக்கு வந்துரலாம்னு இருக்கோம். துறைமுகத்துல அந்த வேலை இன்னும் இருக்கும்ல?"

"மாமா, உங்கட மேல் வீட்டு அறையில எங்களுக்கு இடம் இருக்கோ?" என்றார் ரூபன். படகை விற்பது பற்றிப் பேசும்போது அவர் கண் ஜன்னலுக்குப் போனது. அங்கிருந்து கடல் தெரியும். உடனே கண்ணை இழுத்து என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இருக்கு மாப்ள" என்றேன். "வெள்ளையடிச்சிதான் போட்டிருக்கேன்."

"பாத்தியா, எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்திருக்காரு" என்று பெல்சி என் முதுகில் தட்டினாள். அவளுக்கு அது வேடிக்கை. நானும் சிரித்தேன். சிரித்தபடியே வெளியே வந்து, இந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாதாவைச் சொல்லிவிட்டேன். சோறு ஆறிவிடும் என்று அவசரப்படுத்தியதைச் சொல்லிவிட்டேன். இரண்டையும் மன்னித்துவிட்டார்கள். மறதி, முட்டாள்தனம், பாசம், எல்லாம் மன்னிக்கக்கூடியவை. திங்கட்கிழமை நடந்ததில் எழுதாமல் விட்ட அந்த ஒரு நொடியை மட்டும் சொல்லவில்லை. தட்டு என் கையில் இருந்தது. மாப்பிள்ளை என் முன்னால் இல்லை. பெல்சி கத்துவதற்கு முன்னால், என் கால் நகர்வதற்கு முன்னால், மனதில் வந்தது பயம் இல்லை. இனி இவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதுதான்.